காத்தோட கயிறு இழுக்கும் போட்டி!

போன வாரம் ஹாஸ்டல்ல ஒரு வீடியோ சுத்திச்சு. மூணு சக்கர வண்டி. எஞ்சின் கிடையாது, பெடல் கிடையாது. ஒருத்தர் காலை நீட்டி ஹாயா உட்கார்ந்திருக்கார். கையில ஒரு கைப்பிடி, அதுலேர்ந்து கயிறு, கயிறோட அந்தப் பக்கம் வானத்துல ஒரு பெரிய துணி. அவ்வளவுதான். வண்டி கடற்கரை மணல்ல பைக் ஸ்பீடுல பறக்குது!

பார்த்து முடிச்ச அடுத்த செகண்ட் எல்லாரும் என் பக்கம் திரும்பிட்டாங்க. ''டேய் சோமனூரு! உங்க ஊர்லதான் வருஷத்துல பாதி நாள் பேய்க்காத்து அடிக்குதே... அங்க இதை ஓட்டலாமாடா?''

நியாயமான கேள்வி. ஆடி மாசம் எங்க ஊர்ப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும். தறிச் சத்தத்துக்கு அடுத்தபடியா எங்க ஊர்ல கேக்கறது காத்துச் சத்தம்தான். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொன்ன ஆளு கண்டிப்பா கோயமுத்தூர் ஜில்லாக்காரராத்தான் இருக்கணும்! காரணம், பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நீளமா நிக்குது. அந்தச் சுவர்ல நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல். தென்மேற்குப் பருவக்காத்து மொத்தமும் அந்த வாசல்ல நெருக்கியடிச்சு உள்ளே வருது. பல்லடம், கேத்தனூர், உடுமலைப் பக்கம் காற்றாலைங்க வரிசை கட்டி நிக்கறது சும்மா இல்லீங்க!

அதனால இந்த வாரம் நம்ம மேட்டர் இதுதான். பவர் கைட். ஆளையே இழுத்துட்டுப் போற காத்தாடி!

குச்சி இல்லாத காத்தாடி

நாம சின்ன வயசுல விட்ட காத்தாடிக்கும் இதுக்கும் பெயர்ல மட்டும்தான் சொந்தம். இதுல மூங்கில் குச்சி கிடையாது, வால் கிடையாது. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவுல தடுப்பு வச்சுத் தைச்ச அறைகள். முன்பக்கம் வாய் மாதிரி திறந்திருக்கும். காத்து உள்ளே புகுந்ததும் தலையணை மாதிரி உப்பி, ஏரோப்ளேன் இறக்கை ஷேப்புக்கு வந்துடும். டொமினா ஜால்பெர்ட்டுங்கற அமெரிக்கர் 1964-ல பேட்டன்ட்டுக்குப் போட்ட ஐடியா இது. இன்னிக்கு இறக்கை ஷேப்புல வர்ற பாராசூட், பாராகிளைடர் எல்லாத்துக்கும் இதுதான் தாத்தா.

காத்தாடியை வச்சு வண்டி ஓட்டற ஐடியா அதைவிடப் பழசு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துல ஜார்ஜ் போகாக்குன்னு ஒரு ஸ்கூல் வாத்தியார். 1826-ல காத்தாடி இழுக்கற சாரட் வண்டிக்குப் பேட்டன்ட் வாங்கினார். இதுல காமெடி என்னன்னா, அந்தக் காலத்து டோல்கேட்ல எத்தனை குதிரைன்னு எண்ணித்தான் காசு வாங்குவாங்க. இவர் வண்டியில குதிரையே இல்லை. எதை எண்ணுவாங்க? மனுஷன் ஃப்ரீயா போயிட்டே இருந்தாராம்! நம்ம டோல்கேட்ல இது நடக்குமா பாஸ்?

அப்புறம் ரொம்ப வருஷம் தூங்கிப்போன இந்த விளையாட்டு 1970-கள்ல ஃப்ளெக்ஸிஃபாயில் காத்தாடி வந்ததும் கண்ணு முழிச்சது. 1990 வாக்குல நியூசிலாந்தோட பீட்டர் லின், கச்சிதமான மூணு சக்கர 'பக்கி' வண்டியைச் செஞ்சு விற்க ஆரம்பிச்சார். டென்மார்க்கோட ரோமோ, ஜெர்மனியோட சாங்க்ட் பீட்டர் ஓர்டிங் மாதிரி அகலமான கடற்கரைகள்ல இப்போ இது ரெகுலர் காட்சி. வண்டி வேண்டாம்னா பெரிய டயர் மாட்டின பலகை மேல நின்னும் ஓட்டலாம். பனியில இதையே ஸ்கீ கட்டிக்கிட்டு ஓட்டறாங்க. நார்வேக்காரர் போர்கே ஊஸ்லாண்ட் 1996-97-ல அன்டார்க்டிகாவைத் தனி ஆளா குறுக்கே கடந்தப்போ காத்தாடிதான் அவருக்குக் கைகொடுத்துச்சு. 2008-ல ஒரு சரக்குக் கப்பலையே 160 சதுர மீட்டர் காத்தாடி கட்டி இழுத்துப் பார்த்தாங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல தண்ணியில ஓடற கைட் ரேஸ் ஒரு போட்டியாவே வந்துடுச்சு.

கொஞ்சம் கணக்கு... ஓடாதீங்க ப்ளீஸ்!

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல அரியர் வச்சிருக்கறவங்களும் படிக்கலாம், ரொம்ப சிம்பிள். காத்தோட இழுவிசை, வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். அதாவது காத்து ரெண்டு மடங்கானா இழுப்பு நாலு மடங்கு!

3 சதுர மீட்டர் காத்தாடி ஒண்ணை எடுத்துக்குவோம். மணிக்கு 18 கிலோமீட்டர் காத்து. காத்தாடி ஒரே இடத்துல நின்னா, தோராயமா 5 கிலோ இழுப்பு. ஒரு பை அரிசி. ப்பூ!

ஆனா காத்தாடி நிக்காது. அதைக் குறுக்கே பாய விட்டா காத்தைவிட மூணு மடங்கு வேகத்துல கிழிச்சுக்கிட்டுப் போகும். அப்போ துணி மேல மோதற காத்தும் மூணு மடங்கு. இழுப்பு ஒன்பது மடங்கு. 5 கிலோ இப்போ 40 கிலோவுக்கு மேல! இன்னொரு கேஸ். காத்து 36 கிலோமீட்டர் ஆச்சுன்னா? அதே காத்தாடி, அதே பாய்ச்சல், 160 கிலோவைத் தொடுது. நம்ம எடை 60. யார் யாரை ஓட்டறாங்கன்னு நீங்களே சொல்லுங்க!

அதான் இதோட சூட்சுமம். காத்து வீசற திசையில, உங்களுக்கு நேர் முன்னாடி இருக்கற பகுதிதான் 'பவர் ஸோன்'. அங்க காத்தாடி பாயும்போது முழு இழுப்பு. தலைக்கு நேர் மேலேயோ, இடது வலது ஓரத்துக்கோ கொண்டு போனா இழுப்பு குறைஞ்சு சாது ஆயிடும். ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் வானத்துலயே இருக்கு. தேடிப் பிடிக்கறதுதான் பயிற்சி.

யாழ்ப்பாணத்துல நடந்தது

இது வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. ராட்சதப் பட்டம் விடறதுல யாழ்ப்பாணத் தமிழர்களை அடிச்சுக்க ஆள் இல்லை. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில நடக்கற பட்டத் திருவிழாவுக்கு ஊரே திரளும்.

2021 டிசம்பர்ல பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெரிய பட்டத்தை இளைஞர்கள் கூட்டமா சேர்ந்து கயிறு பிடிச்சு ஏத்தினாங்க. காத்து திடீர்னு தூக்கிச்சு. மத்தவங்க டக்குனு கயிறை விட்டுட்டாங்க. ஒருத்தர் மட்டும் விடலை. அடுத்த நொடி அவர் 30, 40 அடி உயரத்துல கயிறுல தொங்கறார்! கீழே நிக்கறவங்க 'விடு, விடு'ன்னு கத்தறாங்க. பட்டம் கொஞ்சம் இறங்கின பிறகு கீழே விழுந்து, காயத்தோட பிழைச்சார். வீடியோ உலகம் பூரா சுத்துச்சு.

நிறைய பேர் அதைப் பார்த்துச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா, பயந்தா கை என்ன செய்யும்? இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அது உடம்போட குணம். அஞ்சு அடி உயரத்துல கையை விட்டா சிராய்ப்பு. நாற்பது அடியில விட்டா உயிர். முடிவெடுக்க நடுவுல கிடைக்கறது ஒரே ஒரு செகண்ட்.

நல்ல பவர் கைட்ல இந்த ஒரு செகண்டுக்குத்தான் முதல்ல பதில் வச்சிருக்காங்க. நாலு கயிறு இருக்கும். முன்னாடி ரெண்டு இழுக்கறதுக்கு, பின்னாடி ரெண்டு பிரேக்குக்கு. பிரேக் கயிறு ரெண்டும் மணிக்கட்டுல ஒரு பட்டையோட இணைஞ்சிருக்கும். கைப்பிடியை விட்டுட்டீங்கன்னா காத்தாடியோட வால்பக்கம் மட்டும் இழுபட்டு, காத்து வெளியேறி, ஈரத்துணி மாதிரி தரையில விழுந்துடும். 'கைட் கில்லர்'னு செல்லப் பேரு. அது இல்லாம யாராவது செகண்ட் ஹேண்ட் காத்தாடி சல்லிசா தந்தா வாங்கிடாதீங்க மக்களே!

சரி, சோமனூர்ல ஓட்டலாமா?

என் பதில்: கூடாது. எங்க ஊர் மேல எனக்குப் பாசம் ஜாஸ்தி, அதனாலயே சொல்றேன்.

ஒண்ணு, கரன்ட் கம்பி. தறி ஓடற ஊர். தெருவுக்குத் தெரு கம்பி, காட்டுக்குக் காடு உயரழுத்த லைன். 25 மீட்டர் கயிறு ஈரமானா அதுவே ஒயர்தான்.

ரெண்டு, தென்னந்தோப்பு. 50 அடி மரத்துக்குப் பின்னாடி, அந்த உயரத்தைப் போல ஏழு மடங்கு தூரம் காத்து சுழிச்சுக் குழம்பிக் கிடக்கும்னு ஒரு பொதுக் கணக்கு. 350 அடி! ஒரு நிமிஷம் காத்தே இல்லாம துணி தொங்கும், அடுத்த நிமிஷம் பிச்சுக்கிட்டுப் போகும். இந்த ஆட்டத்துல பலமான காத்தைவிட ஆபத்தானது சீரில்லாத காத்து.

மூணு, சூலூர் விமானப்படைத் தளம் பக்கத்துலயே இருக்கு. 2018-லேர்ந்து தேஜஸ் போர் விமானங்கள் அங்கேர்ந்துதான் சீறுது. ஒரு தகவல் தெரியுமா? 1934-ஆம் வருஷ விமானச் சட்டத்துல 'விமானம்'ங்கற வார்த்தைக்குக் கொடுத்த விளக்கத்துல பலூன், கிளைடரோட காத்தாடியும் சேர்ந்திருந்துச்சு! 2025 ஜனவரியிலேர்ந்து அதுக்குப் பதிலா புதுச் சட்டம் வந்தாச்சு. சட்டம் எதுவா இருந்தாலும், ரன்வே பக்கத்துல வானத்தோட விளையாடக் கூடாதுங்கறது பொது அறிவு.

அப்போ எங்க கத்துக்கறது? ராமநாதபுரம் மாவட்டத்துல பிரப்பன்வலசைக் கடற்கரையில கைட் சர்ஃபிங் சொல்லித் தர்றாங்க. தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி மணல்ல நின்னு சின்னக் காத்தாடியைப் பழக்கறதுதான் இந்த விளையாட்டுக்கே அரிச்சுவடி. 2 சதுர மீட்டர், மணிக்கு 10-லேர்ந்து 20 கிலோமீட்டர் சீரான காத்து, எதிரே 100 மீட்டருக்கு ஆள் நடமாட்டம் இல்லாத வெட்டவெளி, தலையில ஹெல்மெட், கையில கிளவுஸ், பக்கத்துல தெரிஞ்ச ஆள். இவ்வளவும் சேர்ந்தா மட்டும் ஆரம்பிங்க. வண்டி, பலகை எல்லாம் அப்புறம். ஓடற கயிறைக் கையில சுத்திப் பிடிக்கறது அறவே கூடாது. டைனீமா கயிறு விரலைச் சட்டை பண்ணாது. மாஞ்சா நூல் எத்தனை கழுத்தை அறுத்துச்சுன்னு நமக்குத் தெரியும்தானே? நைலான் மாஞ்சாவுக்கு 2017-ல தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை போட்டதே அதனாலதான்.

இனிமேதான் எங்க ஊர் மேட்டர்

இந்த வீடியோவை எங்க வீதியில தறி ஓட்டற மாமா ஒருத்தர்கிட்ட காட்டினேன். வண்டியைப் பார்ப்பார்னு நினைச்சேன். அவர் துணியைப் பார்த்தார். ''ஏங் கண்ணு, இத்தனை காத்துக்குக் கிழியாம நிக்குதே, இது என்ன ரகம்?''

அட, நெசவுக்காரர் கண்ணு!

அந்தத் துணிக்குப் பேரு ரிப்ஸ்டாப். மெல்லிசான நைலான் இல்லைன்னா பாலியஸ்டர் நூல். அஞ்சாறு மில்லிமீட்டருக்கு ஒரு தடவை பாவுலயும் ஊடையிலயும் கனமான நூல் ஓட்டுவாங்க. உத்துப் பார்த்தா குட்டிக் குட்டிக் கட்டமா தெரியும். எங்கேயாவது ஓட்டை விழுந்தா கிழிசல் அந்தக் கட்டத்தோட வேலியிலேயே நின்னுடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்துல பாராசூட்டுக்காக வந்த நெசவு இது. சதுர மீட்டர் 30, 40 கிராம்தான். எங்க ஊர்க் காடா துணி சாதாரணமா 100 கிராமைத் தாண்டும்.

நான் இதைச் சொன்னதும் மாமா ஒரு நிமிஷம் யோசிச்சார். ''கட்டம் போடறது பெரிய வித்தை இல்லீங் கண்ணு. டாபி மாட்டினா வந்துரும். நூலுதான் வழுக்கும்.''

கரெக்ட்! அதுல பாதிப் பதில் இருக்கு. மீதிப் பாதி பூச்சுல இருக்கு. நெஞ்ச துணிக்குள்ள காத்து புகாத அளவுக்கு பாலியூரித்தேன் இல்லைன்னா சிலிக்கான் பூசணும். நைலானை இழுவை மாறாம ஓட்ட வேற ரகத் தறி வேணும். அதுக்கு முதல் வேணும், வாங்க ஆள் வேணும். இப்போ பவர் கைட்டுங்க வியட்நாம், இலங்கை, சீனாவுல தைச்சு உலகம் பூரா போகுது. இலங்கை இங்கேர்ந்து எவ்வளவு தூரம்?

இங்கே என்ன நிலைமை? கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிக்காரங்க கூலி உயர்வு கேட்டு 2022-லும் தறியை நிறுத்தினாங்க, 2025-லும் நிறுத்தினாங்க. அடுத்தவங்க கொடுக்கற பாவு நூலை மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலிக்கு நெய்யறவங்க அவங்க. காத்தும் எங்க ஊர்ல இருக்கு, தறியும் எங்க ஊர்ல இருக்கு. ரெண்டையும் சேர்த்து யோசிக்கற இன்ஜினீயர்தான் பாக்கி. டெக்ஸ்டைல், மெக்கானிக்கல், கெமிக்கல் படிக்கற நண்பர்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு இல்லைன்னு புலம்பாதீங்க. சும்மா கிடக்கு ஒண்ணு, எடுத்துக்கோங்க!

எடுத்தா ரெண்டு கண்டிஷன். முதல் மீட்டர் துணியை எங்க மாமாகிட்ட காட்டணும், மார்க் போடறது அவர்தான். அதுல காத்தாடி தைச்சா சோமனூர்ல ஏத்தக் கூடாது. நேரா கடற்கரைக்கு பஸ் ஏறுங்க. மணிக்கட்டுப் பட்டையை மறக்காம மாட்டிக்கோங்க.

அடுத்த வாரம் வேற மேட்டரோட வர்றேன். டாட்டா!