ஆள்மாறாட்டப் பத்திரம்: உழவருக்கு விரைவு நீதி வேண்டும்

நிலமே உழவரின் முகவரி. அந்த நிலத்தை, வேறொருவர் தம்மை உரிமையாளர் என்று சொல்லி, பொய்யான அடையாளச் சான்றுகளைக் காட்டிக் கிரையம் செய்துவிட்டால், உழவர் சொத்தோடு தம் பெயரையும் இழக்கிறார்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்த ஆபத்தை எளிதாக எண்ணிவிடலாகாது. ஆலங்குடி, அறந்தாங்கி வட்டாரங்களிலிருந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் பலர். மானாவாரி நிலங்கள் மழை பொய்த்த ஆண்டுகளில் தரிசாகக் கிடக்கின்றன. ஆள் இல்லாத நிலமே மோசடிக்காரர்களுக்கு வசதியானது.

சட்டத்தில் தண்டனைக்குக் குறைவில்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 82ஆவது பிரிவின்படி, ஆள்மாறாட்டம் செய்து பதிவு செய்பவருக்கு ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் குற்றவாளி சிறை சென்றாலும் பத்திரம் தானாக மறைந்துவிடாது. அதை ரத்து செய்ய உழவர் தனியே சிவில் வழக்குத் தொடர வேண்டியுள்ளது. அதற்குள் பட்டாவும் மாறிவிட்டால் பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் அவர் எதைக் காட்டுவார்?

இக்குறையைப் போக்க, போலிப் பத்திரத்தை ரத்து செய்யும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்கு அளிக்கும் 77-ஏ பிரிவைத் தமிழக அரசு கொண்டுவந்தது. அது 2022இல் நடைமுறைக்கு வந்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் தீர்க்க வேண்டிய உரிமைப் பிரச்சினையைப் பதிவு அதிகாரி தீர்ப்பது சரியல்ல என்பது நியாயமே. உண்மையாகப் பணம் கொடுத்து வாங்கியவரின் பத்திரத்தையும் பொய்ப் புகாரால் ரத்து செய்துவிட முடியும் அல்லவா? ஆயினும் நோய் தீரவில்லை. மருந்துதான் மாற வேண்டும்.

மாவட்டந்தோறும் நீதித்துறை அதிகாரி ஒருவர் தலைமையில், ஆள்மாறாட்டப் பத்திரங்களை மட்டும் விசாரிக்கும் தனி மன்றம் அமைக்கச் சட்டம் இயற்ற வேண்டும். இரு தரப்பையும் கேட்டு ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்; மேல்முறையீட்டுக்கும் இடம் இருக்க வேண்டும். புகார் வந்த நாளிலேயே அதை வில்லங்கப் பதிவில் குறித்தால், நிலம் மூன்றாவது கைக்குப் போகாது. ஆள்மாறாட்டம் நிரூபணமானால், தண்டிக்கும் நீதிமன்றமே பத்திரத்தையும் ரத்து செய்ய வழி வேண்டும்.

சட்டம் வரும்வரை உழவர்கள் சும்மா இருக்கலாகாது. ஆடிப்பட்டத்துக்கு விதை தேடும்போதே, பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தையும் பார்த்துவிட வேண்டும். பட்டாவில் இறந்தவர் பெயர் இருந்தால் வாரிசுகள் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஆதார் நகலையும் மூலப் பத்திரத்தையும் கண்டவரிடம் கொடுக்கக் கூடாது. ஏமாற்றப்பட்டவர்கள் தாமதமின்றிக் காவல்துறையில் புகார் செய்து, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி அங்கு இலவச சட்ட உதவி உண்டு.

பூச்சி விழுந்த பயிருக்கு உரிய நாளில் மருந்தடிக்காவிட்டால் பயனில்லை. நீதிக்கும் பருவம் உண்டு என்பதைச் சட்டம் இயற்றுவோர் உணர வேண்டும்.