பொதுமை என்பது பூட்டின்மையா?

திருகோணமலைத் துறைமுகத்தைப் புகழ்வோர் அதன் ஆழத்தையும் அரணையுமே எடுத்தோதுவர். ஆயின், அதன் வரலாறு உணர்த்தும் பாடம் வேறு. 1782ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து அதனைக் கைப்பற்றினர். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் ஆங்கிலேயரிடமிருந்து அதனைப் பறித்தார். இயற்கையரண் எத்துணைச் சிறந்ததாயினும், வாயிற்காவல் தளர்ந்தவிடத்து உள்ளிருக்கும் செல்வம் பிறருடைமையாகும் என்பது இதனாற் பெறப்படும்.

இன்று காக்கப்பட வேண்டிய செல்வங்களுள் ஆவணமும் ஒன்று. காணி, பிறப்பு, மீன்பிடிப் படகு, நிவாரணம், பரீட்சைப் பெறுபேறு முதலியன பற்றிய பதிவுகள் காகிதத்தினின்றும் கணினிக்குப் பெயர்ந்து வருகின்றன. கோப்புகளை ஒரு சேவையகத்தில் வைத்து, மேசைதோறும் உள்ள கணினிகள் வலையமைப்பு வழியே அவற்றை எடுத்தாளும் முறை பரவியுள்ளது. இம்முறை நன்றே. ஆயினும், இதனை நிறுவுவோருட் பலர் எல்லார்க்கும் ஒரே கடவுச்சொல்லை வழங்கி, வாசிக்கவும் எழுதவும் அழிக்கவும் உள்ள உரிமைகளை ஒருங்கே அளித்துவிடுகின்றனர். ‘நாமெல்லாம் ஒரு வீட்டார்தாமே, நமக்குள் பூட்டு எதற்கு?’ என்பது அவர்தம் வாதம். பொதுமை என்னும் போர்வையிற் பொறுப்பின்மையை மறைக்கும் இவ்வாதம் மறுக்கப்பட வேண்டியதாகும்.

இதன் விளைவு யாதெனக் காண்போம். 2006இல் போரினாற் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் பல்லாண்டுகள் முகாம்களில் வாழ்ந்தனர். அவருட் பலர் 2015க்குப் பின்னரே தம் மண்ணுக்கு மீண்டனர். அத்தகையோர்க்கு, வேலியும் வீடும் அழிந்த பின்னர், ‘இது எமது’ என்று சொல்வதற்கு எஞ்சுவது பதிவேட்டில் உள்ள ஒரு பெயரும் ஓர் இலக்கமுமே. அத்தகைய வரியொன்று பொதுக் கோப்பில் மாற்றப்படுமாயின் மாற்றியவர் யார்? பதின்மர் ஒரே பெயரில் நுழையும் இடத்தில் பொறி காட்டுவதும் அந்த ஒரே பெயரைத்தான். குற்றவாளி தப்புவது ஒருபுறமிருக்க, குற்றமற்ற ஒன்பதின்மரும் ஐயத்துக்கு ஆளாவர். எல்லார்க்கும் உரிய திறவுகோல் எவரையும் பொறுப்பாளியாக்காது.

இக்குறை பொறியின் இயல்பிலும் வேர்கொண்டது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் வெளிப்படுத்திய என்.எஃப்.எஸ். என்னும் வலையமைப்புக் கோப்பு முறையில், எக்கணினி எக்கோப்புறையை அணுகலாம், வாசிக்க மட்டுமா எழுதவுமா என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. ஆயின், அதன் வழக்கமான நடைமுறையில், ‘என்னைப் பயன்படுத்துபவர் இன்ன இலக்கத்தார்’ என்று அக்கணினி கூறுவதைச் சேவையகம் அப்படியே நம்பிவிடும். கொடியை மட்டும் பார்த்துக் கப்பலைத் துறைக்குள் விடும் காவலனின் செயல் இது. கணினியை முற்றாகத் தன் கையில் வைத்திருப்பவன் எந்த இலக்கத்தையும் தனதெனக் கூறலாம். இதற்கு மாற்றாக, மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1980களில் உருவான கேர்பரஸ் முறை, பயனாளர் தம்மை மெய்ப்பித்துக் காலவரையறையுள்ள அனுமதிச்சீட்டைப் பெறச் செய்கிறது. கிரேக்கக் கதையிற் பாதாள வாயிலைக் காக்கும் முத்தலை நாயின் பெயரே அதற்கு இடப்பட்டது. என்.எஃப்.எஸ். நான்காம் பதிப்பின் விதிகள் 2000ஆம் ஆண்டிலேயே இத்தகைய காவலைச் செயற்படுத்தும் வசதி மென்பொருளில் இருத்தல் வேண்டுமென்றன. ஆயினும், வசதி இருப்பது வேறு. அதனை முடுக்கிவிடும் மனம் இருப்பது வேறு.

கோணேசர் ஆலயத்துக்குச் செல்லும் அடியார் அனைவரும், படையினர் தங்கியுள்ள பிரெட்ரிக் கோட்டையின் வாயிலூடாகவே செல்கின்றனர். வாயிலைக் கடந்தார் என்பதனால் கோட்டையின் எல்லாக் கட்டடங்களும் அவர்க்குத் திறப்பதில்லை. அவை திறவாமையால் வழிபாடு தடைப்படுவதுமில்லை. திருகோணமலையார் நாள்தோறும் காணும் இவ்வுண்மை கணினியறையில் மட்டும் மறக்கப்படுவது விந்தையே.

‘பூட்டுவது மறைப்பதற்கே, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அது முரணானது’ என்பாரும் உளர். அச்சட்டம் குடிமகனுக்கு அளிப்பது அறியும் உரிமை, திருத்தும் உரிமையன்று. யாராலும் திருத்தப்படக்கூடிய பதிவை அறிந்து யாது பயன்? மறுபுறம், அனைத்தையும் பூட்டித் திறவுகோலை ஒருவரிடமே கொடுத்து, அவர் விடுமுறையில் நின்றால் வெருகலிலிருந்து வந்த முதியவரை நாளை வருமாறு திருப்பியனுப்புவதும் காவலாகாது. அது வெறும் ஆதிக்கம். இவ்விரு தவறுக்கும் மூலம் ஒன்றே: யாருக்கு எது தேவை என்று எவரும் அமர்ந்து சிந்தித்து எழுதாமை.

சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களை நோக்குக. 2022 ஜனவரியிற் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி, 99 குதங்களில் 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இவ்விரண்டின் கூட்டு நிறுவனத்துக்கும் எனப் பங்கிடப்பட்டன. கூட்டு நிறுவனத்தில் 51 வீதம் கூட்டுத்தாபனத்துக்கு, 49 வீதம் ஐ.ஓ.சி.க்கு என்பதும் வரையறுக்கப்பட்டது. அப்பங்கீடு தகுமா தகாதா என்பது வேறு விவாதம். எண்ணெய்க்கு இத்துணை நுணுக்கமாக உரிமை எழுதும் சமுதாயம், மக்களின் பெயரும் நிலமும் அடங்கிய கோப்புக்கு ஒரு வரியேனும் எழுத மறுப்பது ஏன்?

‘இது பொறியியலார் காரியம், கலைப்பீடத்தார்க்கு இதில் என்ன?’ என்ற ஏளனமும் பொருளற்றது. கட்டளையைத் தட்டெழுதுவது பொறியியலார் பணியாகலாம். எப்பதிவு யார் வாழ்வைத் தாங்குகிறது என்பதை அறிந்து விதி வகுப்பது வரலாறும் சட்டமும் சமூகவியலும் கற்றோரின் கடமை. ஒவ்வொருவர்க்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும், தேவையுடையோர்க்கு வாசிக்கும் உரிமை, கடமையுடையோர்க்கு மட்டும் எழுதும் உரிமை, அழிப்பதற்கு இருவர் இசைவு, இடமாற்றம் பெற்றவரின் உரிமை அன்றே நீக்கம், வேறோரிடத்திற் பிரதி. இவற்றைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவதற்குப் பெரும் பணமும் வேண்டா, வெளிநாட்டு நிபுணரும் வேண்டா. தன் பெயரைத் தன் ஊர்ப் பதிவேட்டிற் பிழையின்றிக் காண விரும்பும் ஒவ்வொருவரும் இதனைக் கேட்டேயாதல் வேண்டும்.