பிளம்பிங் லேப்ல பாஸ், வீட்டுக் குழாயில பெயில்

நேராவே கேட்டுடறேன். உங்க வீட்டுக் குழாய் சொட்ட ஆரம்பிச்சா யார் சரி பண்ணுவாங்க? முதலில் கீழே ஒரு பக்கெட் வைப்போம். ராத்திரி சத்தம் தூங்க விடலைன்னா பக்கெட்டுக்குள் ஒரு பழைய துணி. அதோடு நம்ம பொறியியல் அறிவு முடிஞ்சது. அப்புறம் ஒரு வாரத்துக்கு அம்மாதான் பிளம்பர் அண்ணனுக்கு போன் போட்டுக்கிட்டே இருப்பாங்க. அவர் வராததில் தப்பும் இல்லை. அரை நாள் கூலியை விட்டுட்டு ஒரு வாஷருக்காக வந்தா அவருக்கு எப்படிக் கட்டுபடியாகும்?

நொடிக்கு ஒரு சொட்டுன்னா நாளைக்கு 86,400 சொட்டு. பத்துச் சொட்டு சேர்ந்தா ஒரு மில்லின்னு வைத்தால்கூட எட்டரை லிட்டருக்கு மேல் போகுது. இரண்டு நாளில் ஒரு குடம். 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணிக்கு வரிசையில் நின்றவங்களுக்கு ஒரு குடம்னா என்னன்னு விளக்க வேண்டியதில்லை.

முதலாம் ஆண்டு என்ஜினியரிங் பிராக்டிசஸ் லேப் ஞாபகம் இருக்கா? அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பிளம்பிங்குக்கு அதில் தனி இடமே உண்டு. எல்போ, கப்ளிங், யூனியன், ரெடியூசர் எல்லாத்தையும் ரெக்கார்டில் பென்சில் சீவிச் சீவி வரைந்தோம். மேஜையில் இறுக்கின புதுப் பைப்பில் வேலை செய்தோம். தண்ணி மட்டும் வரவே இல்லை! என் கருத்து இதுதான்: அந்த லேபில் சுவர் ஓரமாக ஒரு தொட்டியும், நிஜமாகவே ஒழுகுகிற நாலு பழைய குழாயும் இருக்கணும். சொட்டு நின்னாத்தான் மார்க். ரெக்கார்டு நோட்டு அப்புறம்.

ஏன்னா நிஜக் குழாயில்தான் கேள்விகளே வருது. கடையில் 'அரை இஞ்ச் டேப்'னு கேட்டு வாங்கி, அதன் மரையை வெர்னியரில் அளந்து பாருங்க. 12.7 மி.மீ. வராது, கிட்டத்தட்ட 21 மி.மீ. வரும். அரை இஞ்ச் என்பது ஒரு காலத்து இரும்புப் பைப்பின் உள்விட்டத்தை வைத்து வந்த பேர். இஞ்சுக்கு 14 மரை, 55 டிகிரி கோணம். அந்த 55, ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த அளவு. உங்க பாத்ரூம் சுவரில் இன்னும் அவர் இருக்கார்.

அடுத்தது, எல்லாக் குழாயையும் மாத்தணும்னு இல்லை. பல சுத்து சுத்தி மூடுற பழைய பித்தளைக் குழாயில் பெரும்பாலும் போயிருப்பது உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர்தான். ஒரு டீ காசுக்குள் முடியும். ஒழுகுதேன்னு நாம இன்னும் முறுக்கி மூட மூட, அது இன்னும் நசுங்கும். கால் சுத்தில் மூடுற புதுக் குழாயில் ரப்பருக்குப் பதிலா இரண்டு செராமிக் தகடு. போர் தண்ணியின் மணலும் உப்பும் அதில் கோடு போட்டுட்டா உள் ஸ்பிண்டிலை மட்டும் மாத்தலாம், அதே மாடலுக்குக் கிடைத்தால்.

குழாயையே மாத்துறதா இருந்தா, டேங்க் வால்வை மூடிட்டு லைனில் நிற்கிற தண்ணியை வடிய விடுங்க. புதுக் குழாயின் மரை உங்களைப் பார்த்தபடி இருக்க, கடிகாரம் சுத்துற திசையில் டெஃப்லான் டேப்பைச் சுத்துங்க. எதிர்த் திசையில் சுத்தினா உள்ளே போகும்போதே உரிஞ்சு வந்துடும். மெல்லிய டேப்னா பத்துச் சுத்தாவது வேணும். குழாய் வாய் கோணலா நிக்குதுன்னு கொஞ்சம் பின்னாடி திருப்பினீங்கன்னா டேப்பின் பிடி போச்சு. கழட்டி, சுத்தம் பண்ணி, முதலிலிருந்து. முக்கியமா, பழைய குழாய் அசையலைன்னா ரென்ச்சில் ஏறி நிக்காதீங்க. சுவருக்குள் எல்போ விரிஞ்சா அது டைல்ஸ் உடைக்கிற வேலை. அங்கே அண்ணனைக் கூப்பிடுறதுதான் சரி, அவர் கேட்கிற கூலியும் நியாயம்.

இன்னொன்னு. 'நீ எதுக்கும்மா, தம்பி பாத்துப்பான்'னு வீட்டில் சொல்வாங்க. நாலாம் செமஸ்டர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் எஸ் கிரேடு வாங்கின அக்காவை உக்கார வைத்துட்டு, பதினொன்னாவது படிக்கிற தம்பி கையில் ஸ்பேனர் போகும். தோழிகளே, அதைப் பிடுங்கிக்கோங்க. மரைக்கு யார் திருகுறாங்கன்னு தெரியாது.

செமஸ்டர் லீவில் ஊருக்குப் போனதும் மாடியேறி டேங்க் கேட் வால்வு மூடுதான்னு மட்டும் பார்த்துட்டு வாங்க. பல வீட்டில் அது திறந்தபடியே வருஷக்கணக்கா இறுகிக் கிடக்கும். அது மூடலைன்னா குழாய் பக்கமே போகாதீங்க, முதலில் மாத்த வேண்டியது அந்த வால்வுதான்.