காலை எடுக்க காப்பீடு உண்டு, கால் வாங்க இல்லையா?

ராஜகுளத்திலிருந்து ஒரு வாசகி நீளமான மெயில் அனுப்பியிருந்தார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கணவருக்கு 54 வயது, நெடுஞ்சாலை ஓரத்தில் சின்னதாக ஒரு டிபன் கடை. பத்து வருடமாக சர்க்கரை. செருப்பு கடித்த காயம் ஆறவில்லை, விரல் கறுத்தது, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. நல்லவேளையாக ஐந்து லட்ச ரூபாய்க்கு மெடிக்ளெய்ம் பாலிசி இருந்தது. பில்லில் பெரும்பகுதி கேஷ்லெஸ்ஸில் முடிந்தது. "அன்னைக்கு அந்தக் கம்பெனிய கையெடுத்துக் கும்பிட்டேன் சார்" என்று எழுதியிருக்கிறார்.

நான்கு மாதம் கழித்து செயற்கைக் காலுக்கு அளவெடுத்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொட்டேஷன். அதைக் கம்பெனிக்கு அனுப்பினால் இரண்டே வரியில் பதில்: மருத்துவமனையில் தங்கிப் பெற்ற சிகிச்சை அல்ல, உடலுக்கு வெளியே பொருத்தும் சாதனத்துக்கு பாலிசியில் இடமில்லை. அவர் கேட்டிருக்கும் கேள்வி இதுதான்: "காலை எடுத்தது வைத்தியம்னா, கால் வைக்கிறது வைத்தியம் இல்லையா?"

நியாயமான கேள்வி. பதிலைத் தேட, உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் பாலிசிப் புத்தகத்தை எடுத்து கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். பெரும்பாலான பாலிசிகளில், பணம் தரப்படாத 68 இனங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். மினரல் வாட்டர், சலவைக் கட்டணம், டெலிபோன் கட்டணம், டி.வி. கட்டணம்... சரி, இதெல்லாம் நியாயம்தான். இன்னும் கொஞ்சம் கீழே வாருங்கள். நடக்க உதவும் சாதனங்கள், கழுத்துப் பட்டை, முழங்கால் பிரேஸ், கிரேப் பேண்டேஜ், சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்பு! ஊன்றுகோலையும் மினரல் வாட்டரையும் ஒரே தட்டில் வைத்தவர் யாரோ தெரியாது. அவர் ஒரு நாளாவது ஊன்றுகோலில் நடந்திருக்க மாட்டார்.

கணக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். உடைந்த எலும்புக்குள் வைக்கும் ஸ்டீல் ராடுக்குப் பணம் உண்டு. இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட், பேஸ்மேக்கர், தேய்ந்த மூட்டுக்கு மாற்று மூட்டு, எல்லாவற்றுக்கும் உண்டு. இவையும் மனிதன் செய்த பாகங்கள்தானே? ஆனால் தோலுக்கு உள்ளே போனால் அது சிகிச்சை. தோலுக்கு வெளியே நின்றால் சாமான்.

எல்லா பாலிசியும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களின் பழைய மெடிக்ளெய்ம் பாலிசிகள் சிலவற்றில், மருத்துவச் செலவுப் பட்டியலிலேயே 'செயற்கை உறுப்புகள்' என்ற சொல் இருக்கிறது. உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தாலும் உடனே சந்தோஷப்பட முடியாது. அங்கே இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. அதுதான் எனக்கு இதில் மிகப் பெரிய அநியாயமாகப் படுகிறது: நாள் கணக்கு.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு இத்தனை நாளைக்குள் ஆகும் செலவைத் தருவோம் என்று ஒவ்வொரு பாலிசியும் ஒரு கெடு வைக்கும். எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்கும் 'ஆரோக்ய சஞ்சீவனி' பாலிசியில் அது 60 நாள். பல பாலிசிகளிலும் அதுதான். ஆனால், எடுத்த காலுக்கு இந்த 60 நாள் கணக்கு தெரியாது. தையல் ஆற இரண்டு மூன்று வாரம். பிறகு மீதிக் காலில் (டாக்டர்கள் ஸ்டம்ப் என்பார்கள்) நீர் வற்றி வீக்கம் இறங்க வேண்டும். அதற்கு தினமும் இறுக்கமாகக் கட்டுப் போட வேண்டும். எதனால்? அந்தப் பட்டியலில் இருக்கிறதே, அதே கிரேப் பேண்டேஜால்தான். வீக்கம் வற்றுவதற்குள் அளவெடுத்தால் அடுத்த மாதமே சாக்கெட் லொடலொடவென்று ஆடும். அதனால் முதலில் ஒரு தற்காலிகக் கால், சில மாதம் கழித்து நிரந்தரக் கால் என்று போவதுதான் முறை. சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் ஆறவே கூடுதல் காலம் ஆகும். டாக்டர் சொன்னபடி பொறுமையாக இருந்து, நான்காவது மாதம் ஒழுங்காக அளவெடுத்தவருக்கு 'கெடு முடிந்துவிட்டது' என்று பதில் வரும். அவசரப்பட்டு இரண்டாவது மாதமே வாங்கியவருக்குப் பணம் கிடைத்தாலும் கால் பொருந்தாது.

பொருந்திவிட்டாலும் ஒரு முறை வாங்கியதோடு முடிந்துபோகிற செலவு இல்லை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. உத்தரப் பிரதேச அரசுப் பேருந்து மோதி காலை இழந்த ஒருவரின் நஷ்டஈட்டு வழக்கு. நீதிபதிகள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். செயற்கைக் கால் விலை 2,60,000 ரூபாய். ஆயுள் ஐந்தாறு வருடம். நடுநடுவே பழுதுபார்க்க ஒவ்வொரு முறையும் 15,000 முதல் 20,000 வரை. ஆகவே இந்த மனிதர் வாழ்நாளில் பலமுறை கால் மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லி, கால் வாங்கவும் பராமரிக்கவும் தனித்தனியாக நஷ்டஈட்டை உயர்த்திக் கொடுத்தார்கள்.

வண்டி மோதி கால் போனால், அடுத்தடுத்த கால்களுக்கும் பணம் வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொள்கிறது. சர்க்கரையால் போனால்? புற்றுநோயால், ரத்தக்குழாய் அடைப்பால் போனால்? யார் மீது வழக்குப் போடுவது! அப்போது கைகொடுக்க வேண்டியது மெடிக்ளெய்ம்தான். அது 60-வது நாளே கடையைச் சாத்திவிடுகிறது.

வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கிறார்களே, பிரதமரின் விபத்துக் காப்பீடு, அதையும் சிலர் கேட்பார்கள். நல்ல திட்டம், 18 முதல் 70 வயது வரை சேரலாம். இரண்டு கால்களும் போனால் 2 லட்சம், ஒரு கால் போனால் 1 லட்சம். ஆனால் விபத்துக்கு மட்டும். செருப்பு கடித்து, சர்க்கரையில் அழுகிப்போன கால் அந்தக் கணக்கில் வராது.

"அதான் இலவசமா செயற்கைக் கால் தர்றாங்களே, இதுக்கு எதுக்கு இன்ஷூரன்ஸ்?" என்று கேட்பவர்களும் உண்டு. தருகிறார்கள், மறுக்கவில்லை. இந்த விஷயத்தில் இந்தியா தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ள ஒரு கதையே இருக்கிறது. 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே.சேத்தியும், ராம்சந்திர சர்மா என்ற கைவினைக் கலைஞரும் சேர்ந்து ரப்பரில் ஒரு பாதம் செய்தார்கள். வெளிநாட்டுக் கால்களில் ஷூ போட்டுத்தான் நடக்க முடியும். இதில் வெறுங்காலோடு நடக்கலாம், சம்மணம் போடலாம், குத்துக்காலிட்டு உட்காரலாம், சேற்றில் இறங்கலாம். உத்திரமேரூர் பக்கம் நாற்று நடும் ஒரு பெண்ணுக்கு என்ன தேவையோ அது அத்தனையும் அதில் இருந்தது. 'தெய்வம் தந்த வீடு' சித்ராதேவியாக நம் வீட்டு ஹாலில் வந்து மிரட்டினாரே சுதா சந்திரன், அவர் 1981-ல் திருச்சி அருகே நடந்த விபத்தில் காலை இழந்து, இந்த ஜெய்ப்பூர் காலுடன்தான் மறுபடி பரதம் ஆடினார். போரில் கால் இழந்த எத்தனையோ ஈழத்தமிழர்களை எழுந்து நிற்க வைத்ததும் யாழ்ப்பாணத்தில் இயங்கும் ஜெய்ப்பூர் மையம்தான்.

ஆனால் இலவசம் என்பது ஒரு உதவி. காப்பீடு என்பது நாம் காசு கொடுத்து வாங்கிய ஒப்பந்தம். வருடா வருடம் பிரீமியம் கட்டியவர், முகாம் எப்போது போடுவார்கள் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? தவிர, கால் என்பது ரெடிமேட் சட்டை இல்லை. அளவெடுக்க ஒரு முறை, சாக்கெட்டைப் போட்டுப் பார்க்க ஒரு முறை, நடைப் பயிற்சிக்குப் பல முறை, உராய்ந்து புண்ணானால் மறுபடி ஒரு முறை என்று போய்வர வேண்டும். ராஜகுளத்திலிருந்து சென்னை கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்துக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இரண்டு கால் உள்ளவருக்கே பஸ் மாறிப் போய்வர ஒரு நாள் போய்விடும்.

பிரீமியம் ஏறிவிடும் என்பது கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். பாலிசி எடுத்தவர்களில் மூட்டு மாற்றுபவர்கள் எத்தனை பேர், கால் இழப்பவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தாலே போதும். முன்னதற்குக் கொடுத்தே தாங்குகிறவர்கள் பின்னதற்கும் தாங்குவார்கள். வேண்டுமானால் ஒரு உச்சவரம்பு வைத்துக்கொள்ளட்டும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம், செயற்கை உறுப்புகளுக்குத் தனியார் காப்பீடு பணம் தந்தாக வேண்டும் என்று 2000-ம் ஆண்டிலேயே சட்டம் போட்டது. பிறகு பல மாநிலங்கள் அந்த வழியில் வந்தன.

இங்கேயும் ஒன்றும் நடக்காமல் இல்லை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர்களுக்கான காப்பீட்டுத் திட்டம் பற்றிப் பேசுகிறது. 2022 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளுக்கும் பாலிசி தர வழி செய்யச் சொன்னது. அடுத்த பிப்ரவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., எல்லாக் கம்பெனிகளும் அவர்களுக்கென ஒரு பாலிசி வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கதவு திறந்தது, மகிழ்ச்சி. ஆனால் பாலிசி கிடைப்பது வேறு, அந்தப் பாலிசி கால் வாங்கித் தருவது வேறு. இன்னும் ஒரே ஒரு விதி வேண்டும்: உறுப்பை அகற்றிய அறுவை சிகிச்சைக்குப் பணம் தந்த பாலிசி, அதற்குப் பதிலாகப் பொருத்தும் உறுப்புக்கும் தர வேண்டும், கெடுவை டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து எண்ணாமல், 'இனி அளவெடுக்கலாம்' என்று டாக்டர் எழுதித்தரும் தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

அது வரும்வரை செய்யக்கூடியவை உண்டு. க்ளெய்மை மறுத்தால் போனில் சண்டை போடாதீர்கள். எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஒரு வருடத்துக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். 'செயற்கை உறுப்புகள்' என்ற சொல் உள்ள பாலிசி என்றால் வாதாட நிச்சயம் இடமிருக்கிறது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் இருந்தால் இதைக் கவனியுங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. அதில் செயற்கை உறுப்பு மருத்துவப் பலனிலேயே சேர்ந்தது. தனியார் பாலிசி செய்யாததை, பலர் குறைசொல்லும் ஈ.எஸ்.ஐ. செய்கிறது! இது எதுவும் இல்லாதவர்கள், கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, செயற்கைக் காலுக்கும் மனு கொடுக்கலாம். முதல்வர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அறுவை சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவிலேயே, செயற்கைக் காலுக்கு என்ன வழி என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அந்த 68 பட்டியலில் இருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, மெத்தென்ற அந்தச் செருப்பு சில ஆயிரம் ரூபாயில் காலைக் காப்பாற்றும். கம்பெனி அதைத் தராது, பிறகு அறுவை சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் தரும். நாம் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். 'பாதம் பாதுகாப்போம்' என்ற பெயரில் தமிழக அரசே பாதப் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்திருக்கிறது. அடுத்த முறை மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது செருப்பைக் கழற்றி, "பாதத்துல உணர்ச்சி சரியா இருக்கான்னு பாருங்க" என்று கேளுங்கள். வீட்டில் தாத்தா பாட்டிக்குச் சர்க்கரை இருந்தால், ராத்திரி படுக்கும்முன் பேரப்பிள்ளைகள் யாராவது அவர்கள் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பார்க்கட்டும், விரலிடுக்கையும் சேர்த்து.