விட்டு விட்டு நிற்கும் இன்ஜின்

காரில் வரும் கோளாறுகளில் பிடிபடக் கடினமானது விட்டு விட்டு வருவதுதான். நெடுஞ்சாலையில் இன்ஜின் நின்றுபோகிறது. அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் பார்க்கும்போது வண்டி நன்றாகவே ஓடும். அவர் கோளாறே இல்லை என்று திருப்பித் தருவார். இல்லையேல் சந்தேகத்தின் பேரில் ஒவ்வொரு பாகமாக மாற்றுவார். முதலாவது ஆபத்து, இரண்டாவது வீண்செலவு. இரண்டையும் தவிர்க்க ஒரே வழி, கோளாறு விட்டுச்சென்ற தடயத்தை அழியாமல் காத்து, அது எந்தச் சூழலில் வருகிறதோ அந்தச் சூழலிலேயே சோதிப்பது.

இப்படி ஒரு கோளாறு கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் நீதிமன்றம் வரை போனது. 1980களிலும் 90களின் முற்பாதியிலும் வந்த ஃபோர்டு கார்கள் பலவற்றில் டி.எஃப்.ஐ. எனப்படும் இக்னிஷன் மாட்யூல், டிஸ்ட்ரிபியூட்டரின் மீதே பொருத்தப்பட்டிருந்தது. இன்ஜினின் சூடு நேராக அதில் ஏறும். சூடு மிகும்போது மாட்யூல் செயலிழக்கும், ஸ்பார்க் நிற்கும், ஓடும் வண்டி அப்படியே நிற்கும். ஆறியதும் மறுபடி வேலை செய்யும் என்பதால் பட்டறையில் பிடிபடாமலே போனது. அலமேடா கவுண்டி நீதிமன்றத்தில் தொடரப்பட்ட கூட்டு வழக்கில் நீதிபதி மைக்கேல் பாலச்சி, கலிஃபோர்னியாவில் விற்ற சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி 2000-இல் உத்தரவிட்டார். ஃபோர்டு குற்றச்சாட்டை மறுத்தது. வழக்கு 2001-இல் சமரசத்தில் முடிந்தது. ஆறினால் மறையும் பழுதும் முழுப் பழுதே என்பதை இந்த வழக்கு நன்றாக உணர்த்துகிறது.

இத்தகைய கோளாறுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் நான்கு காரணங்கள் இருக்கும்: சூடு, ஈரம், அதிர்வு, மின்னழுத்தக் குறைவு. சூட்டுக்கு டெக்ஸாஸ் நல்ல எடுத்துக்காட்டு. கோடை வெயிலில் நிறுத்திய காரின் உள்பகுதி அடுப்பாகக் கொதிக்கும். பழைய ஹோண்டா கார்களின் மெயின் ரிலேயில் ஈயப்பற்று விரிசல் விட்டிருந்தால் அந்தச் சூட்டில் இணைப்பு விலகும். செல்ஃப் எடுக்கும், இன்ஜின் பிடிக்காது. கதவைத் திறந்து வைத்து உள்ளே ஆறியதும் ஸ்டார்ட் ஆகும். கிராங்க்‌ஷாஃப்ட் சென்சாரும் சூட்டில் சிக்னலை இழக்கக்கூடியது. நியூ ஜெர்சியில் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு எர்த் ஒயர்களையும் கனெக்டர் பின்களையும் அரிக்கிறது. மழை நாளில் மட்டும் இன்ஜின் மிஸ் அடித்தால், விரிசல் விட்ட காயில் அல்லது ஸ்பார்க் பிளக் ஒயர் வழியாக மின்சாரம் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். மேடுபள்ளத்தில் மட்டும் வரும் கோளாறு பெரும்பாலும் லூஸ் காண்டாக்டாக இருக்கும்.

ஆகவே முதல் கருவி ஒரு குறிப்பேடு. கோளாறு வந்த நேரம், வெளியே இருந்த வெப்பநிலை, இன்ஜின் சூடாக இருந்ததா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, வேகம் என்ன, ஏசி ஓடியதா, எந்த விளக்கு எரிந்தது, எவ்வளவு நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆனது என எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பவரின் வண்டியில் மெக்கானிக்குக் கோளாறைத் தேடும் இடம் சுருங்கிவிடுகிறது.

அடுத்த தடயம் வண்டியின் நினைவகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் விற்கும் கார்களில் 1996 மாடலிலிருந்து ஓ.பி.டி. 2 அமைப்பு கட்டாயம். டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள 16 பின் கனெக்டரில் ஸ்கேனரைச் செருகலாம். செக் இன்ஜின் விளக்கு எரியாவிட்டாலும் ஸ்கேன் செய்வது அவசியம். ஏனெனில் பல கோளாறுகள் அடுத்தடுத்த இரு ஓட்டங்களில் பதிவான பிறகே விளக்கை எரியவைக்கும்; முதல் முறை வந்தது நிலுவைக் கோடாக, அதாவது நிலுவையிலுள்ள கோளாறுக் குறியீடாக, மட்டும் இருக்கும். கோடு பதிவான கணத்தின் வேகம், சுழற்சி, கூலன்ட் வெப்பம் போன்றவற்றை ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பதிவு காட்டும். விளக்கு விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர் கடுமையானது. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும் என்பதால் வண்டியை உடனே ஓரங்கட்டுவது நல்லது.

இங்கேதான் பலர் தடயத்தை அழித்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரை ரீசெட் செய்வதாக நினைத்து பேட்டரியைக் கழற்றினால், பல வண்டிகளில் கோடும் ஃப்ரீஸ் ஃபிரேமும் போய்விடும். வண்டி தன்னைத்தானே சோதித்து வைத்த முடிவுகளும் அழியும். அந்தச் சோதனைகள் முடியாத வண்டியைக் கலிஃபோர்னியாவின் ஸ்மாக் செக் எனும் புகைச் சோதனையும் நியூ ஜெர்சியின் ஆய்வு மையமும் திருப்பி அனுப்பக்கூடும். டெக்ஸாஸில் சாதாரணக் கார்களுக்கான பாதுகாப்பு ஆய்வு 2025 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டாலும், ஹூஸ்டன், டல்லஸ், ஆஸ்டின் நகரங்கள் அடங்கிய கவுண்டிகளில் புகைச் சோதனை தொடர்கிறது. பேட்டரியில் கை வைக்கும் முன் கோடுகளைப் படித்து, படமெடுத்து வைப்பதே முறை.

சோதனை எளியதிலிருந்து தொடங்க வேண்டும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை இருக்கும். எர்த் இணைப்பை, மின்சாரம் அதில் பாயும்போதே அளக்க வேண்டும்: இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே விளக்கும் ஏசியும் ஓடும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கே துருவோ தளர்ச்சியோ இருக்கிறது. பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஒயரிங்கையும் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாக மெல்ல அசைத்துப் பார்க்கலாம். சந்தேகமான சென்சாரை ஹேர் டிரையரால் சூடாக்கலாம். இக்னிஷன் பகுதியில் தண்ணீரைப் புகைபோல் தெளித்துக் கசிவைக் காணலாம். இன்ஜின் நின்ற அந்த நிமிடத்திலேயே ஸ்பார்க் வருகிறதா, பெட்ரோல் அழுத்தம் இருக்கிறதா, செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் சுழற்சி எண் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். சுழற்சி பூஜ்யத்திலேயே நின்றால் கிராங்க்‌ஷாஃப்ட் சென்சாரும் அதன் ஒயரும்தான் முதல் சந்தேகம்.

இந்தச் சோதனையே புதிய பழுதை உண்டாக்கிவிடக் கூடாது. கம்ப்யூட்டர் சார்ந்த சுற்றுகளில் பழைய பல்பு டெஸ்டர் தேவைக்கு மேல் மின்சாரத்தை இழுக்கும். 10 மெகா ஓம் உள்ளீட்டுத் தடையுள்ள டிஜிட்டல் மல்டிமீட்டரே ஏற்றது. ஒயரின் தோலைக் குத்தி அளந்தால் அந்தத் துளை வழியே ஈரம் புகுந்து சில மாதங்களில் இன்னொரு கோளாறு முளைக்கும். கனெக்டரின் பின்பக்கம் வழியாக ஊசிமுனையை நுழைத்து அளப்பது பாதுகாப்பு. கனெக்டரைக் கழற்றும் முன்பும் மாட்டும் முன்பும் சாவியை அணைக்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இல்லாவிட்டால் பாசிட்டிவில் வைத்த ஸ்பானர் உடற்பகுதி இரும்பில் பட்டதும் ஷார்ட் ஆகும். கழற்றிய பிறகும் ஏர்பேக் கருவியின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அந்த வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்தே அங்கே கை வைக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வழக்கம் இன்றைய கார்களுக்கு ஆகாது. சுமை திடீரென விலகினால், தடுப்பு இல்லாத 12 வோல்ட் சுற்றில் அழுத்தம் 80 முதல் 100 வோல்ட் வரை எகிறலாம். கம்ப்யூட்டர் அதைத் தாங்காது. வெல்டிங் செய்யும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்கு அருகிலேயே பொருத்த வேண்டும்.

நிலைமின்சாரமும் கம்ப்யூட்டரைக் கெடுக்கக்கூடும். சுமார் 3,000 வோல்ட்டுக்கு மேல்தான் மனிதக் கைக்கு அது சுரீரென்று தெரியும். சில நூறு வோல்ட்டிலேயே கெடும் சிப்புகள் உண்டு. நியூ ஜெர்சியின் குளிர்கால வறண்ட காற்றில் வேலை செய்பவர் எர்த் ஆன இரும்பைத் தொட்டுவிட்டு அல்லது மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொண்டுதான் மாட்யூலை எடுக்க வேண்டும். பின்களை விரலால் தொடக் கூடாது.

பணம் செலவழிக்கும் முன் உரிமையாளர் பார்க்க வேண்டியவையும் உண்டு. கூட்டாட்சி விதிப்படி இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் 8 ஆண்டு அல்லது 80,000 மைல், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் 17 எழுத்து வண்டி எண்ணைக் கொடுத்தால் நிலுவையில் உள்ள ரீகால் தெரியும். தயாரிப்பாளர் டீலர்களுக்கு அனுப்பிய தொழில்நுட்ப அறிக்கைகளையும் மாடல் வாரியாக அங்கே தேடலாம். கலிஃபோர்னியாவில் வேலை தொடங்கும் முன் பட்டறை எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும்.

பாகம் மாற்றியதோடு பழுதுநீக்கம் முடிவதில்லை. குறிப்பேட்டில் எழுதிய அதே சூடு, அதே ஈரம், அதே வேகத்தில் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்னர் மறுபடி ஸ்கேன் செய்து, தன்சோதனைகள் நிறைவடைந்தனவா, நிலுவைக் கோடு எதுவும் இல்லையா என்று உறுதி செய்துகொண்ட பிறகே வண்டியை நம்பி நெடுஞ்சாலையில் ஏற்றலாம்.