சாமுண்டி மலையின் காற்றும் கான்கிரீட்டும்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அதன் பொருளை நான் முழுதாக உணர்ந்தது தமிழ்நாட்டில் அன்று. மைசூரு சாமுண்டி மலையின் முகட்டில். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை வயநாட்டிலும் குடகிலும் கொட்டிவிட்டு, இங்கே வெறுங்காற்றாகவும் மெல்லிய சாரலாகவும் வந்து சேர்கிறது. மரமற்ற பாறைத் திருப்பங்களில் நின்றால் மேல்துண்டைப் பிடித்துக்கொள்ளவே ஒரு கை வேண்டும்.

ஹெப்பாளில் தங்கி ஆய்வு செய்யும் நான், சென்ற ஞாயிறன்று அதிகாலைப் பேருந்தில் நகரைக் கடந்து மலையடிவாரம் சேர்ந்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இப்படிகளை 17-ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் அமைத்தார் என்பர். எழுநூறு படிகளுக்கு அப்பால், ஒரே பாறையில் செதுக்கிய நந்தி அமர்ந்திருக்கிறது. படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் இட்டு ஏறும் பெண்களைக் கடந்து உச்சியை அடைந்தேன். மாலை வரை முகட்டுச் சாலையில் நடந்தேன்.

கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த அம்மலை, நகரைவிட ஏறத்தாழ முந்நூறு மீட்டர்தான் ஓங்கி நிற்கிறது. ஆயினும் அங்கே காற்றை மறைக்கும் பொருள் ஏதுமில்லை, மனிதர் கட்டியவற்றைத் தவிர. அவைதாம் ஆண்டுதோறும் பெருகுகின்றன.

2021-ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழையில் நந்திக்குச் செல்லும் சாலையின் ஓரம் சரிந்து வீழ்ந்தது. பாறைமேல் மெல்லிய போர்வையாகக் கிடக்கும் மண்ணை வேர்களே பிடித்திருக்கின்றன. சரிவை வெட்டி, நீர் வடியும் வழியை அடைத்தால் மண் நழுவத்தான் செய்யும். அச்சரிவின் நினைவு மறையுமுன்னரே, 2022 மார்ச் மாத மாநில நிதிநிலை அறிக்கையில் கம்பிவட ஊர்தித் திட்டம் இடம்பெற்றது. மைசூரு மக்கள் எதிர்த்தனர். அவ்வாண்டு சூலையில் திட்டம் கைவிடப்பட்டது. மக்கள் குரலுக்குக் கிடைத்த வெற்றி அது. எனினும் ஒரு திட்டம் வீழ்ந்தால் மற்றொன்று முளைப்பதே வழக்கம்.

‘முதியோரும் உடல் நலிந்தோரும் அன்னையைக் காண வேண்டாமா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடையும் அம்மலையிலேயே இருக்கிறது. ஆஷாட வெள்ளிக்கிழமைகளில் பெருங்கூட்டம் திரளும்போது தனியார் வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு, லலிதமகால் அருகிலுள்ள திடலிலிருந்து பேருந்துகளை இயக்குகிறார்கள். நெரிசல் மிக்க நாளில் இயலும் ஏற்பாடு, மற்ற நாள்களில் ஏன் இயலாது? பேருந்து முதியோரை ஏற்றட்டும். கால் வலுவுள்ளோர் படியேறட்டும். மேலே வண்டி நிறுத்தவும் கடை விரிக்கவும் மலையை இனியும் வெட்ட வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் படிகளைச் செப்பனிட்டுக் கைப்பிடியும் குடிநீரும் அமைக்கலாம்.

இம்மலையின் கருங்கல் ஏறத்தாழ எண்பது கோடி ஆண்டுப் பழமையுடையது என்பர் நிலவியலார். அதனைச் சில பத்தாண்டுகளில் வாகன நிறுத்தமாக்கிவிட நமக்கு என்ன உரிமை?

இறங்கும்போது ஒரு மூதாட்டி எதிரே ஏறி வந்தார். “மேலே காற்று ஜாஸ்தியா?” என்று கன்னடத்தில் கேட்டார். “ஆமாம் அம்மா” என்றேன். “நல்லது” என்று சிரித்துவிட்டு அடுத்த படியில் கால் வைத்தார். அந்தக் காற்றும் அந்தப் படியும் அவர் பேத்திக்கும் வேண்டும். அவ்வளவே என் வேண்டுகோள்.