சிவப்புத் தரையும் பத்து நாள் ஈரமும்

மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளிலும் காரைக்குடிப் பக்கத்திலும் பார்க்கிற ரெட் ஆக்சைடு தரைக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. கூடவே புகாரும் வருகிறது: போட்ட சில வாரங்களில் மயிரிழையாக வெடிக்கிறது, வெள்ளை பூக்கிறது. ஆக்சைடு கலந்தால் சிமெண்ட் இறுகாது என்று பழி பொடிமேல் விழுகிறது. அது பெரும்பாலும் வீண்பழி என்பது என் கட்சி. சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அதிலுள்ள கால்சியம் சிலிகேட் நீரை ஏற்றுப் புதுப்பொருளாக வளர்ந்து மணலைப் பிணைக்கிறது. உடன் சுண்ணாம்பும் வெளிப்படுகிறது. இந்த வினையில் உலோக ஆக்சைடுகள் எல்லாம் ஒரே குணம் காட்டுவதில்லை. துத்தநாக ஆக்சைடு சிறிதளவு சேர்ந்தாலே இறுகுவது பல மணி நேரம் தள்ளிப்போகும். மிக நுண்ணிய டைட்டானியம் ஆக்சைடோ, புதுப்பொருள் முளைக்கத் தன்மேல் இடம் கொடுத்து வினையை விரைவுபடுத்தும். சிவப்புப் பொடியான இரும்பு ஆக்சைடு காரம் மிகுந்த அந்தக் கலவையில் அநேகமாகக் கரைவதே இல்லை. வினைக்குக் குறுக்கே நிற்பதுமில்லை. ஆனால் மாவாக இருப்பதால் தண்ணீரை இழுக்கும். நிறம் தூக்கலாக வேண்டுமென்று அள்ளிக் கொட்டினால் கலவைக்குத் தண்ணீர் கூடும், அது ஆவியாகும்போது பூச்சு சுருங்கி வெடிக்கும். சிமெண்ட் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வெள்ளைப் பூப்போ, சுண்ணாம்பு மேலே கசிந்து கரியமில வாயுவோடு சேர்ந்து படிவது. சாம்பல் தரையில் கண்ணுக்குப் படாதது சிவப்பில் உறுத்துகிறது.

அப்படியானால் அந்தக் காலத்துத் தரை ஏன் வெடிக்கவில்லை என்று கேட்பார்கள். வெடித்தவற்றைப் பெயர்த்துவிட்டார்கள், நிலைத்தவைதான் நம் கண்ணில் இருக்கின்றன. அன்றைய சிமெண்ட் கொரகொரப்பானது, நிதானமாக இறுகியது. இன்றைய 53 கிரேடு நைசாக அரைபட்டு, வேகமாகச் சூடேறி இறுகுகிறது. அதோடு சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் மதுரை வெயில், வினை முடியுமுன்பே மேற்பூச்சின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. இதற்கு ஆத்தங்குடித் தரைக்கல்லைவிட நல்ல சாட்சி இல்லை. அதே வெயில், அதே சிமெண்ட், அதே ஆக்சைடு. ஆனால் வார்த்த கற்களைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கல் சிறியது, சுருங்கினாலும் வெடிக்காது என்பதும் நியாயமான மறுப்புதான். அதனால்தான் பெரிய கூடத்தை ஒரே பரப்பாகப் போடாமல் இடையில் பட்டை வைத்துப் பிரிக்க வேண்டும் என்கிறேன்.

வைகையே வறண்டு கிடக்கையில் தரைக்குத் தண்ணீர் கட்டுவதா என்பது இன்னும் கனமான கேள்வி. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 (2000), சாதாரண சிமெண்டுக்கு 7 நாள் ஈரம் போதும் என்றாலும், வறண்ட வெப்பத்தில் 10 நாள் கேட்கிறது. மெல்லிய தரைப்பூச்சுக்கு அதில் குறைக்க வழியில்லை. ஆனால் பாத்தி கட்டி நிரப்பத் தேவையில்லை. இறுகியதும் நனைத்த சாக்கை விரித்து, மேலே பிளாஸ்டிக் தாள் மூடினால் சில குடம் தண்ணீரில் காரியம் நடக்கும். தட்டுப்பாடு தண்ணீரைவிட ஆளுக்குத்தான். மெருகேற்றி முடித்ததும் கொத்தனார் அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விடுகிறார். சாக்கு நனைக்கும் கூலி யார் கணக்கிலும் வருவதில்லை. சதுர அடிக்கு விலை பேசும்போதே அந்தப் பத்து நாள் கூலியைத் தனி வரியாக எழுதிவிட வேண்டும்.